பெயரை நீயே எழுது

மார்ச் 9

மதிப்பிற்குரிய அண்ணனுக்குத் தம்பி வணங்கி எழுதுவது. இங்கே நானும் உங்கள் தம்பி மனைவியும் பிள்ளைகளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். தங்கள் உடல்நிலை அறிய ஆவலாக இருக்கிறேன்.

இத்தனை வருஷம் கழித்துக் கடிதம் வருகிறதே என்று யோசிப்பீர்கள். நம் மண்டிக்கு வெங்காயம் ஏற்றி வரும் லாரிக்காரர் உங்கள் ஆஸ்பத்திரிச் சமையல்கட்டிலும் மூட்டை இறக்குகிறாராம். "அங்க கேட்டுல ஒரு பெரியவர் உக்காந்திருக்காரு. அப்படியே உங்க ஜாடை. மூக்கு மட்டும்தான் இல்ல" என்று பேச்சுவாக்கில் சொன்னார். விலாசம் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

ஏலம் கூவுவது இன்னும் நான்தான். மகன் பழகுகிறான், ஆனால் அவனுக்குக் கூட்டத்தைக் கட்டிப்போடத் தெரியவில்லை. எனக்குத்தான் கொஞ்ச நாளாக ஒரு சளி விடாமல் பிடித்திருக்கிறது. மூக்கு அடைத்தே கிடக்கிறது. மருந்துக்கடையில் சொட்டு மருந்து வாங்கி விடுகிறேன், கேட்கவில்லை. குரலும் கம்மியிருக்கிறது, கத்திக் கத்தி வந்ததாக இருக்கும். உங்களுக்கும் அந்தக் காலத்தில் முதலில் மூக்கடைப்புதானே வந்தது? அப்போது என்ன செய்தீர்கள் என்று ஒரு வரி எழுதினால் நன்றாக இருக்கும்.

வேறு விசேஷம் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

தங்கள் அன்புத் தம்பி


மார்ச் 17

தம்பிக்கு அண்ணன் சொல்லி எழுதவைத்தது. நான் இருக்கிறேன். நீயும் உன் வீட்டாரும் இருப்பது அறிந்தேன்.

நான் கைநாட்டு என்பது உனக்கு மறந்திருக்காது. உன்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு மூட்டை தூக்கப் போனவன் நான். இதை எழுதுகிறவர் கேட்டுக்கு எதிரில் கடை வைத்திருக்கும் தையல்காரர். உன் கடிதத்தையும் அவர்தான் வாசித்தார். "மூக்கு மட்டும்தான் இல்ல" என்ற இடம் வந்ததும் நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "இருக்கிறதைத்தானே எழுதியிருக்கான், மேல போ" என்றேன்.

உன் சளியைப் பற்றிச் சில கேள்வி. ஒரு பக்கம் அடைக்கிறதா, இரண்டு பக்கமுமா? காலையில் சிந்தினால் பொருக்கு வருகிறதா? அதில் ரத்தம் உண்டா? வாசனை தெரிகிறதா? கண்ணாடியில் புருவத்தைப் பார். காதுப் பக்கத்து ஓரத்தில் முடி இருக்கிறதா? குரல் நாள் முழுக்கக் கம்மலா, அல்லது கூவும்போது நடுவில் உடைகிறதா?

நிதானமாகப் பார்த்து எழுது. அதுவரை வெந்நீர் ஆவி பிடி. கெடுதல் இல்லை.

இப்படிக்கு, உன் அண்ணன்


ஏப்ரல் 2

அன்புள்ள அண்ணனுக்கு, தாங்கள் சுகமாக இருப்பதாக எழுதியது கண்டு மிக்க மகிழ்ச்சி. இங்கே அனைவரும் நலம்.

தாங்கள் கேட்டதற்கெல்லாம் பதில் எழுதுகிறேன். இரண்டு பக்கமும் அடைப்பு. பொருக்கு வருகிறது, இழுத்தால் ரத்தமும் வருகிறது. துண்டை நானே துவைத்துவிடுகிறேன். வாசனை சுத்தமாகத் தெரியவில்லை. போன வாரம் ஒரு தக்காளி லோடு. மேல் வரிசை நன்றாக இருந்தது; அடியெல்லாம் அழுகல். முன்பெல்லாம் கூடை பக்கத்தில் வரும்போதே சொல்லிவிடுவேன். அன்று முதல் தரம் என்று கூவிவிட்டேன். வியாபாரிகள் முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்லவில்லை. முதுகுக்குப் பின்னால் பேசிக்கொண்டார்கள்.

புருவம் வயதானால் கொட்டத்தானே செய்யும். குரல் நடுவில் உடைகிறது என்பது உண்மைதான்.

அண்ணா, இன்னொரு விஷயம். எனக்குத் தெரிந்த ஒரு நண்பருக்கும் இதே மாதிரி இருக்கிறது. அவருக்காகக் கேட்கிறேன். உங்கள் ஆஸ்பத்திரியில் மூக்கு, தொண்டைக்கெல்லாம் மருந்து கொடுக்கிறார்களா? வெளியூர்க்காரர் வந்தால் பேர், ஊரெல்லாம் எழுதிக்கொள்வார்களா? யாருக்கும் தெரியாமல் வாங்கிப் போக வழி உண்டா?

ஆவி பிடிக்கிறேன். பலன் இல்லை. தங்கள் பதிலை எதிர்பார்த்திருக்கிறேன்.

தங்கள் அன்புத் தம்பி


மே 11

தம்பிக்கு, என் உடம்புக்கு ஒன்றும் இல்லை. பதில் தாமதமானதற்குக் காரணமும் இல்லை. தையல்காரர் தினமும் "எழுதலாமா?" என்று கேட்டார். "ஆறட்டும்" என்றேன்.

உன் நண்பர் யார்? நம் மண்டியில் எனக்குத் தெரியாத முகம் கிடையாது. தராசுக்காரனா, தார்ப்பாய் தைக்கிறவனா? அவருக்கு வந்திருக்கும் நோய்க்குப் பெயர் என்ன? மருந்து இருக்கிறதா என்று இங்கே கேட்க வேண்டுமானால் நோயின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். நீ படித்தவன், எழுதத் தெரிந்தவன். பெயரை எழுது, கேட்டுச் சொல்கிறேன்.

அந்தப் பெயர் உனக்குத் தெரியாது என்று சொல்லிவிடாதே. உன் வாயால் கேட்டவன் நான்.

அன்று ஆரஞ்சுப் பெட்டிகள் வந்திருந்தன. தூறல். மேடைப் பலகை வழுக்கியது. ஏலம் கூவியது நான். என்னை எல்லோரும் வெண்கலம் என்று கூப்பிட்ட காலம். நான் மேடையில் வாயைத் திறந்தால் தெருமுனையில் வண்டியை ஓரம் கட்டுவார்கள். அன்று விலை சொல்லும்போது குரல் பாதியில் கிழிந்தது. குனிந்து இருமினேன். மூக்கிலிருந்து ரத்தம் பெட்டியின் மேல் சொட்டியது. முன்வரிசை வியாபாரிகள் பின்னால் நகர்ந்தார்கள். நீ கீழேயிருந்து ஏறி வந்தாய். தாங்கிப் பிடிக்க வருகிறாய் என்று நினைத்தேன். உன் கையில் ஒரு சாக்கைச் சுற்றிக்கொண்டு என் மணிக்கட்டைப் பிடித்தாய். பிறகு கூட்டத்தைப் பார்த்துக் கூவினாய்.

"அடுத்த சரக்கு பாருங்க. ஆள் ஒண்ணு. மூக்கு அழுகல், தொண்டை ஓட்டை. வெண்கலம்னு பேரு, இப்ப தகரம். குஷ்டம் இலவசம். கேக்குறவங்க கேளுங்க. ஒரு தரம்... ரெண்டு தரம்..."

மூன்றாவது தரத்தையும் நீ விடவில்லை. நான் மூட்டை தூக்கப் பழக்கிய சுமைக்காரப் பையன்கள்கூடச் சிரித்தார்கள். அழுகல் கொட்டும் பின்வாசல் வழியாக என்னை அனுப்பிவிட்டு, அதே மேடையில் அந்த ஆரஞ்சை நீ விற்றாய். மறுநாளிலிருந்து நீதான் ஏலக்காரன்.

(எழுதுபவன்: பெரியவர் இதைச் சொல்லும்போது குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. எனக்குத்தான் கை நின்றுவிட்டது.)

உன் நண்பரை விசாரித்ததாகச் சொல்.

இப்படிக்கு, உன் அண்ணன்


மே 20

அண்ணனுக்கு. நலம். நலமறிய அவா.

பழைய குப்பையைக் கிளறவா உங்களுக்குக் கடிதம் போட்டேன்? அப்போது எனக்கு என்ன வயது? மண்டி விளையாட்டு அது. அங்கே எல்லோரும் எல்லோரையும்தான் கேலி செய்வார்கள். அதை இத்தனை நாள் மனதில் வைத்துக்கொண்டு, அதுவும் ஒரு மூன்றாம் மனிதருக்குச் சொல்லி எழுத வைக்கிறீர்கள்.

எனக்கு ஒன்றும் இல்லை. சளிதான். அப்படியே ஏதாவது இருந்தாலும் அது யாரிடமிருந்து வந்திருக்கும்? ஒரே பாயில் படுத்தோம், ஒரே செம்பில் தண்ணீர் குடித்தோம். யோசித்துப் பாருங்கள்.

இனிமேல் எழுத வேண்டாம்.

தம்பி


ஜூன் 14

தம்பிக்கு, எழுத வேண்டாம் என்றாய். நான் எழுதவில்லை, தையல்காரர் எழுதுகிறார்.

உன் கடிதத்தின் கடைசிப் பகுதியை எங்கள் டாக்டரம்மாவிடம் சொன்னேன். யாருடையது என்று சொல்லவில்லை. அந்த அம்மா சிரித்துவிட்டார்கள். "தாத்தா, நீங்க மருந்து முடிச்சு எவ்வளவு காலமாச்சு. உங்ககிட்ட இருந்து அது யாருக்கும் போகாது. மருந்து சாப்பிடாம ஊருக்குள்ள திரியுறாங்களே, அவங்க தும்முறதுலதான் போகுது" என்றார்கள். உன் மண்டியில் தினமும் எத்தனை பேர் உன் முகத்துக்கு நேராக நின்று விலை கேட்கிறார்கள். யார் கொடுத்தது என்று நீயே தேடிக்கொள். இப்போது நீ யாருக்குக் கொடுக்கிறாய் என்பதையும் சேர்த்துத் தேடு.

உனக்குச் சளிதான் என்கிறாய். சரி. எனக்கு வந்தது எப்படிப் போனது என்று சொல்கிறேன், பொழுதுபோக்காக வாசி.

முதலில் அடைப்பு. அப்புறம் பொருக்கு. பொருக்குக்குக் கீழே புண். மூக்குக்கு நடுவில் ஒரு சுவர் இருக்கிறதே, அது வலிக்காமல் கரையும். வலித்தால் மனிதன் டாக்டரிடம் ஓடுவான், இது வலிக்காது. ஒருநாள் சுண்டுவிரலை இந்தப் பக்கம் விட்டேன், அந்தப் பக்கம் தெரிந்தது. ஈ உள்ளே போனதுகூட எனக்குத் தெரியவில்லை. நர்ஸ் புழு எடுக்கும்போதுதான் தெரிந்தது. சுவர் போனால் கூரை எதன்மேல் நிற்கும்? மூக்குத்தண்டு உட்கார்ந்தது. மேல் முன்பற்கள் ஆடின. தொண்டைக்குள் இறங்கியபோது குரல் முதலில் கரகரத்தது, பிறகு காற்றாகப் போனது. இப்போது கேட்டில் வண்டியை நிறுத்த விசில் ஊதுகிறேன். மூக்கில் காற்று ஒழுகுவதால் அதையும் ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் ஊத வேண்டும். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். எனக்குப் பழக்கம்.

நான் பயந்து ஒளித்து வைத்திருந்ததால் இவ்வளவும் போனது. அந்தப் பயம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று உனக்குத் தெரியும்.

நோயின் பெயரை எழுது. எழுதினால் அடுத்த வண்டிக்கே பதில் வரும். அதுவரை ஆவி பிடி.

இப்படிக்கு, உன் அண்ணன்


ஜூலை 22

மாமா அவர்களுக்கு, உங்கள் தம்பி மனைவி வணக்கத்துடன் எழுதுவது. நீங்கள் நன்றாக இருக்க வேண்டும். நான் இந்த வீட்டுக்கு வந்தபோது நீங்கள் இல்லை. வெளியூரில் வேலைக்குப் போனவர் திரும்பவில்லை என்றுதான் எனக்குச் சொன்னார்கள். நீங்கள் எழுதிய கடிதங்களை அவர் மெத்தைக்கு அடியில் வைத்திருக்கிறார். படித்துவிட்டேன். மன்னிக்கவும்.

மாமா, அவர் படுத்துத் தூங்குவதில்லை. சுவரில் சாய்ந்தே இருக்கிறார். மூச்சு விட்டால் அடுத்த அறைக்குக் கேட்கிறது. மூக்குத்தண்டு நடுவில் பள்ளம் விழ ஆரம்பித்திருக்கிறது. மண்டிக்குக் கழுத்துத்துண்டை மூக்குவரை ஏற்றிக் கட்டிக்கொண்டு போனார். நாலு வார்த்தை கூவியதும் குரல் அடங்கிவிட்டது. யாரோ ஒரு பொடிப்பயல், "பெரியவருக்கு பேட்டரி தீந்துபோச்சு" என்றானாம். அன்றிலிருந்து வெளியே போகவில்லை.

இது என்ன நோய் என்று எனக்குத் தெரியும். நான் அந்தப் பெயரை எடுத்தால் பாத்திரத்தைத் தூக்கி எறிகிறார். அது இல்லை என்று அவர் நினைக்கவில்லை. முதல் நாளிலிருந்தே அவருக்குத் தெரியும். உங்களைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர் அல்லவா? நீங்களே பெயரைச் சொல்லி "வா" என்று கூப்பிடுவீர்கள், தான் வாய் திறக்க வேண்டாம் என்றுதான் உங்களுக்கு எழுதியிருக்கிறார்.

நீங்கள் கூப்பிடவில்லை. உங்களுக்கு அதற்கு நியாயம் இருக்கிறது, இல்லையென்று நான் சொல்லவில்லை. நான் என்ன செய்யட்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.

தங்கள் தம்பி மனைவி


ஜூலை 26

தம்பி மனைவிக்கு, நீ நன்றாக இருக்க வேண்டும் அம்மா. உன்னோடு எனக்கு ஒரு வழக்கும் இல்லை. அதனால் வந்த அன்றே பதில்.

மூச்சு அப்படிச் சத்தம் போடுகிறது என்றால் தொண்டைக் குழாய் வீங்கியிருக்கிறது. அதற்கு நாள் பார்க்கக் கூடாது. மூச்சு முட்டினால் உங்கள் ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே தூக்கிக்கொண்டு ஓடு. இல்லையென்றால் திங்கட்கிழமை இங்கே கூட்டி வா. மூக்கிலும் தோலிலும் சுரண்டிப் பார்ப்பார்கள். ஒரு வருஷம் மாத்திரை. சிறுநீர் சிவப்பாகப் போகும், தோல் கறுக்கும், பயந்து நிறுத்திவிடாதே. மருந்து ஆரம்பித்துக் கொஞ்ச நாளிலேயே அவனிடமிருந்து யாருக்கும் தொற்றாது. தட்டு, பாய் எதையும் பிரிக்காதே. வீட்டில் எல்லோரும் ஒருமுறை தோலைக் காட்டிவிடுங்கள், பிள்ளைகள் உட்பட. குரல் ஓரளவு திரும்பலாம். உட்கார்ந்த மூக்கு தானாக எழுந்திருக்காது.

இதெல்லாம் உனக்கு. அவனுக்கு வேறு. பெயரை அவன் தன் கையால் எழுதி அனுப்பட்டும். எழுதாவிட்டாலும் கேட் திறக்கும். அது ஆஸ்பத்திரிக் கேட், என் அப்பன் வீட்டுக் கேட் இல்லை. ஆனால் எழுதாமல் வந்தால் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு விசில் மட்டும் ஊதுவேன்.

இப்படிக்கு, மாமா


ஆகஸ்ட் 1

அண்ணா,

தாங்கள் நலமா என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. இருந்தாலும் கேட்கிறேன். நான் நலமாக இல்லை.

இதைத் தாங்கள் தனியாக இருக்கும்போது படியுங்கள். படித்ததும் கிழித்துவிடுங்கள். யார் கண்ணிலும் பட வேண்டாம்.

எனக்கு வந்திருப்பது தொழுநோய்.

எழுதிவிட்டேன். மூக்கிலிருந்து தொண்டைக்கு இறங்கிவிட்டது. தாங்கள் முதல் கடிதத்தில் புருவத்தைக் கேட்டபோதே, தாங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள் என்று எனக்குப் புரிந்தது. சொல்வீர்கள், சொல்வீர்கள் என்று காத்திருந்தேன்.

அன்று மேடையில் நான் செய்தது விளையாட்டு இல்லை. வியாபாரிகள் உங்களைப் பார்த்துப் பின்னால் நகர்ந்தபோது, அடுத்து என்னைத்தான் பார்ப்பார்கள் என்று தோன்றியது. அவர்களைச் சிரிக்க வைத்தால் நான் அவர்கள் பக்கம் ஆகிவிடுவேன். மேடையும் எனக்கு வேண்டியிருந்தது. இரண்டும் உண்மை. சாக்கைச் சுற்றிப் பிடித்தபோது உங்கள் கை நடுங்கியது. அது எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் கூவினேன்.

திங்கட்கிழமை வருகிறோம். கேட்டில் இருங்கள். நான் உங்கள் தம்பி என்று யாரிடமும் சொல்ல வேண்டாம். நான் செய்ததை அங்கே யாரும் அறிய வேண்டாம். இது ஒன்றுதான் கேட்கிறேன்.

தம்பி


ஆகஸ்ட் 4

தம்பிக்கு அண்ணன் சொல்லி எழுதவைத்தது. நலமாகவே இருக்கிறேன். நேற்று உன் கடிதம் வந்த பிறகு கூடுதல் நலம். இதை லாரிக்காரர் கையில் கொடுத்தனுப்புகிறேன், புறப்படும் முன் உனக்குக் கிடைத்துவிடும்.

உன் கடிதம் வந்தபோது தையல் கடையில் நல்ல கூட்டம். பொத்தான் தைக்கும் அக்கா இருந்தார். இங்கே எல்லோருக்கும் மெத்தென்ற செருப்பு தைத்துக் கொடுக்கிறவர் இருந்தார். சட்டைக்கு அளவு கொடுக்க வந்த இரண்டு பேர் இருந்தார்கள். தையல்காரர் உறையைக் கிழித்து இரண்டு வரி ஓட்டிவிட்டு என்னைப் பார்த்தார்.

"தனியா இருக்கும்போது படிங்கன்னு போட்டிருக்கு. என்ன செய்ய?"

"தனியா இருந்தா நான் தாளை மோந்துதான் பாக்கணும். அதுக்கும் மூக்கு இல்ல. வாசி."

மெல்லிய குரலில் வாசித்தார். "சத்தமா" என்றேன். நோயின் பெயர் வந்தது. ஒருவரும் தலை நிமிரவில்லை. இங்கே எல்லோரும் அதைத் தாண்டி வந்தவர்கள். பொத்தான் அக்கா மட்டும், ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "ம், அப்புறம்?" என்றார். நீ இத்தனை மாதம் தொண்டையில் அடைத்துவைத்திருந்த சொல்லுக்கு இங்கே அவ்வளவுதான் மரியாதை. உன் கையால் அதை எழுத வைக்க நான் கோடை முழுக்கக் காத்திருந்தேன். கேட்டபோது ஒன்றுமே ஆகவில்லை. எனக்கு ஏமாற்றம்தான்.

ஆனால் கடிதத்தில் மேடை வந்தது பார். தையல் மிஷின் நின்றது. சாக்கு வந்தது. முடிந்ததும் "இன்னொரு தடவை" என்றேன். வாசித்தார். மறுபடியும் கேட்டேன். "போதும் பெரியவரே, தாள் தேஞ்சிரும்" என்றார். செருப்பு தைப்பவர்தான் முதலில் பேசினார்.

"இந்த ஆளுக்கு நான் செருப்பு தைக்கணுமா?"

"தைக்கணும்."

"கொஞ்சம் கடிக்கிற மாதிரி தைக்கட்டுமா?"

"கால் மரத்திருந்தா கடிச்சாலும் அவனுக்குத் தெரியாது. புண்ணாகும், உனக்குத்தான் மறுபடி வேலை. ஒழுங்கா தை."

ஆக, நீ யார் என்றும், என்ன செய்தாய் என்றும் இங்கே எல்லோருக்கும் தெரியும். உன்னை யாரும் ஒன்றும் செய்ய மாட்டார்கள். இடம் ஒதுக்கி உட்கார வைப்பார்கள், தண்ணீர் கொடுப்பார்கள். அதைத்தான் உன்னால் தாங்க முடியாது.

உன் மூக்கைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மார்ச் மாதமே நான் வா என்று எழுதியிருந்தால் அந்தத் தண்டு நிமிர்ந்தே இருந்திருக்கும். எழுதவில்லை. அதற்காக நான் அழப்போவதில்லை.

கடிதத்தைக் கிழிக்கவும் இல்லை. திங்கட்கிழமை வழியில் மூச்சு முட்டினால் வண்டியை எங்கும் நிறுத்தாமல் ஓட்டி வரச் சொல். கேட்டில் நான் இருப்பேன். மாத்திரையை என் கண் முன்னால் விழுங்கு. ஒரு வேளையும் தப்பக் கூடாது. நீ செத்துப்போனால் எனக்குப் பெரிய நஷ்டம். உனக்கென்று சேர்த்துவைத்த பேச்சு அவ்வளவும் வீணாகும். என்னுடையது காற்றுக் குரல்தான். பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தால் தெளிவாகக் கேட்கும். தொண்டை ஆறும்வரை வாய் திறந்து ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று டாக்டரம்மா உனக்குக் கண்டிப்பாகச் சொல்வார்கள். எனக்குச் சொல்ல மாட்டார்கள்.

இப்படிக்கு,
உன் அண்ணன்
(பெருவிரல் ரேகை)